நான்கு நரம்பும் நான்கு குற்றமும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் பேஸ் கிற்றாரைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கிடமான செயலென்று வாசகர் கருதுதல் கூடும். அவ்வாறு கருதுவாரை நான் நோகமாட்டேன். ஓராண்டுக்கு முன்னர் வேறொரு பண்டிதர் இதனை எழுதியிருப்பின் முதலில் நகைத்தவன் நானாகவே இருந்திருப்பேன். பிராசீனக் கல்லூரியொன்றிலே இலக்கணமும் பழைய உரைகளும் படிப்பித்துக் காலங் கழிப்பவன் நான். இசையில் எனக்குள்ள பயிற்சி ஏட்டளவில் நிற்பது. பண்ணின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பேன்; ஒன்றையேனும் பாடிக் காட்டச் சொன்னால் வாய் திறவேன். இத்தகைய ஒருவன் மின்சார வாத்தியம் ஒன்றை வாங்கி வீட்டிலே வைத்திருப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று என் மகள். மற்றொன்று என் தம்பிக்கு நான் பட்ட கடன்.

மகள் ஆறாண்டுகள் வீணை பயின்றவள். சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் என் மேசையருகே வந்து நின்றாள். பாடசாலையில் மாணவியர் சிலர் கூடி இசைக்குழுவொன்று அமைத்திருப்பதாகவும், பாடுவார், மேளம் அடிப்பார், கிற்றார் வாசிப்பார் எல்லாரும் இருந்தும் ஏதோ குறைகின்றதென்றும் கூறினாள். "பாட்டெல்லாம் இருக்கு அப்பா, கீழை நிலம் இல்லை" என்றாள். நிலம் என்று அவள் சொன்னது பேஸ் கிற்றாரை. பாட்டுக்கு நிலம் வேண்டும் என்ற அந்தச் சொல்லை மறுத்துரைக்க எனக்கு நா எழவில்லை. அன்றியும், அந்த வாத்தியத்தின் பெயர் என் வீட்டிலே முப்பது ஆண்டுகளாக எவரும் உச்சரியாத பெயர்.

தம்பியின் ஊமை வாத்தியம்

1980களிலே யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் இசைக்குழுக்கள் விடிய விடியப் பாடியதை மூத்த வாசகர் மறந்திரார். அத்தகைய குழுவொன்று கலைந்தபோது அதன் பேஸ் கிற்றார் கைமாறிக் கைமாறி என் தம்பியிடம் வந்து சேர்ந்தது. அவனுக்கு அப்போது வயது பதினேழு. வாத்தியம் வந்த சில மாதத்துள் மின்சாரம் போயிற்று. 1990ஆம் ஆண்டு முதல் 1995ஆம் ஆண்டு வரை குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த சிறு விளக்கிலே நாங்கள் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவின் வலிமையால் வானொலிச் செய்தி கேட்டோம். பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிள் டைனமோ வானொலிக்குப் போதும். பேஸ் கிற்றாரின் ஒலிபெருக்கிக்குப் போதாது.

ஆகவே தம்பியின் வாத்தியம் ஊமையாயிற்று. ஆயினும் அவன் அதனை விட்டானல்லன். இரவில் விறாந்தையின் மூலையிலே அமர்ந்து, வாத்தியத்தின் மேற்கொம்பிலே நாடியை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். இரண்டு முழத்துக்கு அப்பால் இருந்த எனக்கு விரல் நரம்பில் உரசும் ஓசையன்றி வேறொன்றும் கேளாது. பண்டிதர் இறுதிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த எனக்கு அவ்வுரசல் எரிச்சலூட்டிற்று. "ஊமைக்கு ஏனடா சங்கீதம்?" என்று ஒருநாள் கேட்டேன். பக்கத்து வீட்டாரும் கேட்டுச் சிரிக்கும்படி கேட்டேன். அவனும் சிரித்தான், பதில் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவு அது. அம்மாவை அயலவரின் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டோம். எங்கள் இருவருக்கும் எஞ்சியது ஒரு சைக்கிள். அதன் கரியரிலே தம்பி தன் கிற்றாரைக் கட்டியிருந்தான். என் காலடியில் தகரப்பெட்டி. அதற்குள்ளே தந்தையார் தேடிவைத்த பழைய பதிப்புகள், நச்சினார்க்கினியர் உரையோடு கூடிய சீவகசிந்தாமணி, என் கைக்குறிப்புகள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பெட்டியைப் பார்த்தான், கயிற்றை அவிழ்த்தான், கிற்றாரை அறைக்குள் கொண்டுபோய்ச் சுவரிலே சாத்தினான், பெட்டியைக் கரியரில் ஏற்றிக் கட்டினான். "அண்ணை, அதை நாளைக்கு வந்து எடுக்கலாம். புத்தகம் நனைஞ்சால் திரும்பி வராது" என்றான். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் அந்தப் பெட்டியோடு கடந்தோம்.

மறுவருடம் வைகாசியில் மீண்டபோது வீட்டின் கூரையில் ஒரு பாதி இருந்தது. கிற்றார் இருக்கவில்லை. பெட்டியிலிருந்த நூல்களைக் கொண்டு நான் பரீட்சையிற் சித்தியெய்தினேன். தம்பி 1998இல் கனடாவுக்குப் போனான். அதன்பின் அவன் எந்த வாத்தியத்தையும் தொட்டதாக நான் அறியேன்.

எங்கே பிறந்தது?

நிற்க. மகளின் வேண்டுகோளுக்குப் பின்னர் அவ்வாத்தியத்தின் வரலாற்றை அறிய முற்பட்டேன். மேலைத்தேய இசையிலே தாழ்ந்த ஓசைக்குரியதாய் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பெருவயலின் ஒன்று உண்டு. அதனைத் தூக்கிச் செல்லல் கடினம். மேளமும் எக்காளமும் முழங்குமிடத்தில் அதன் ஒலி அமிழ்ந்துவிடும். 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே போல் ருட்மார்க் என்பவர், கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்கதும் மெட்டுகள் உடையதுமான மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1951இல் கலிபோர்ணியாவிலே லியோ பெண்டர் என்பவர் செய்த வாத்தியமே உலகெங்கும் பரவிற்று. அவர் வானொலிப் பெட்டி திருத்தும் தொழிலிலிருந்து வந்தவர். தாம் கிற்றார் வாசிக்க அறியாதவர். தம் வாத்தியத்துக்கு 'பிரிசிஷன்', அஃதாவது துல்லியம், என்று பெயரிட்டார். பெருவயலினிலே மெட்டு இல்லை. விரல் சிறிது பிசகினாலும் சுருதி பிசகும். இவர் வாத்தியத்திலே 20 மெட்டுகள் நிலைநிறுத்தப்பட்டிருந்தமையால் வாசிப்பவன் பிழையின்றி ஓசையை எட்டலாம். பெயர்க்காரணம் அதுவே. 1960இல் அதே நிலையத்திலிருந்து 'ஜாஸ் பேஸ்' வெளிவந்தது. இன்று கடைகளிலே காணும் பேஸ் கிற்றார்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழித்தோன்றல்கள்.

அதன் இயக்கம் எளிது. நரம்புகள் உருக்காலானவை. அவற்றின் கீழே காந்தமும், காந்தத்தைச் சுற்றி நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதனைப் பிக்கப் என்பர். நரம்பு அசையக் காந்தப்புலம் அசையும்; அதனாற் சுருளிலே சிறு மின்னோட்டம் எழும்; அதனை ஒலிபெருக்கி ஓசையாக்கும். நான்கு நரம்புகளுள் தடித்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறையும், மெல்லியது 98 முறையும் அதிர்வன. சாதாரணக் கிற்றாரின் தாழ்ந்த நரம்பு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. எனவே பேஸ் ஒரு தானம் முழுவதும் கீழே நிற்பது. வலிவு, சமன், மெலிவு என நம் முன்னோர் வகுத்த மூன்று தானங்களுள் மெலிவிலேயே குடியிருக்கும் வாத்தியம் அது.

மரத்தின் குற்றம்

வாங்குவதென்று முடிவு செய்தபின் எதனைக் கொண்டு தெரிவு செய்வது என்ற வினா எழுந்தது. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருள் எதுவும் ஆசிரியன் ஒருவனின் கைக்கு எட்டிய விலையில் இல்லை. என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும் பொருளைப் பிழையாக வாங்கிவிட்டு வருந்துதல் ஆகாது. ஆராயும் முறையை நான் தேடியபோது அது என் அலுமாரியிலேயே இருந்தது. தம்பி சைக்கிளிலே கட்டி வந்த அதே சிந்தாமணி.

காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகனிடம் வீணாபதி யாழ்களைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவன் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக் குற்றங் கூறி விலக்குவான். பழைய உரைகாரர் இக்குற்றங்களை வகைப்படுத்தி வைத்துள்ளனர். நீரிலே நின்ற மரம், அழுகிய மரம், தீயில் வெந்த மரம், இடி வீழ்ந்த மரம் முதலியன யாழுக்கு ஆகா. நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றம். ஓசைக்குச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு குற்றம். விபுலானந்த அடிகள் யாழ் நூலை 1947இல் வெளியிட்டதன் பின்னர் இச்செய்திகள் நம் மாணவருக்கும் எட்டியுள்ளன. பல்லாண்டு நான் இவற்றை மனனஞ் செய்வித்தேன், பரீட்சையில் எழுதுவித்தேன். ஒரு வாத்தியத்தைக் கையிலெடுத்து இவற்றைக் கொண்டு சோதிக்கலாம் என்பது ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை.

மகளும் நானும் இரவுப் புகையிரதத்திற் கொழும்பு சென்றோம். கடைக்காரப் பையன் நல்லவன், பொறுமையுடையவன். முதலில் எடுத்துத் தந்த வாத்தியத்தின் தண்டியை நான் கண்ணருகே பிடித்து, அம்பின் நேர்மையைப் பார்ப்பவன் போலப் பார்த்தேன். பேஸ் கிற்றாரின் நான்கு நரம்புகளும் சேர்ந்து 150 இறாத்தலுக்கு மேற்பட்ட விசையுடன் தண்டியை இழுத்துக்கொண்டே இருப்பன. நன்கு உலராத மரமாயின் அது வளையும், முறுகும். வளைவைத் திருத்துதற்குத் தண்டிக்குள்ளே உருக்குக் கம்பியொன்று ஓடுகின்றது. அதன் ஆணியைத் திருகினால் வளைவு நிமிரும். ஆனால் தண்டி கயிறுபோல முறுகியிருப்பின் அக்கம்பியால் ஆவது ஒன்றுமில்லை.

வளைவின் அளவை அறிய எளிய வழியுண்டு. நரம்பை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரேநேரத்தில் அழுத்துக. அப்போது நரம்பு ஒரு நேர்கோலாகும். நடுவே, ஏழாம் எட்டாம் மெட்டின் மேலே, நரம்புக்கும் மெட்டுக்கும் இடையில் அழைப்பிதழ் அட்டை ஒன்று செல்லுமளவு இடைவெளி இருத்தல் நன்று. இடைவெளி இல்லையாயின் நரம்பு மெட்டிலே மோதும். மிகுதியாயின் விரல் வருந்தும். முதல் வாத்தியம் இச்சோதனையிலேயே வீழ்ந்தது. அதன் தண்டி ஒருபுறம் முறுகியிருந்தது. கடற்காற்றுப் பட்ட களஞ்சியத்திலே நெடுநாட் கிடந்திருக்கலாம். "நீரிலே நின்ற மரம்" என்றேன். பையன் விளங்காது விழித்தான், மகள் சிரித்தாள்.

ஓசையின் குற்றம்

இரண்டாவது வாத்தியத்தை எடுத்தோம். இதற்கிடையில் தம்பிக்குத் தொலைபேசி எடுக்கவேண்டுமென்று மகள் வற்புறுத்தினாள். கொழும்பிலே காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு. அவன் பண்டகசாலையொன்றில் இரவுவேலை செய்பவன்; விழித்திருந்தான். செய்தியைச் சொன்னேன். சிறிதுநேரம் ஓசையில்லை. பின்னர், "கழுத்து நேராய் இருக்கோ அண்ணை?" என்றான். ஓமென்றேன். "வயரைக் கொழுவாமல் ஒருக்கால் வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ பிள்ளையை. மரத்திலை நாடியை வைச்சுக் கேக்கச் சொல்லுங்கோ. வயரைக் கொழுவினால் எல்லாம் நல்லாய்த்தான் கேக்கும்" என்றான்.

இஃது அனுபவத்தில் விளைந்த உண்மை. ஒலிபெருக்கி பல குறைகளை மறைத்துவிடும். மின்சாரமின்றி வாசிக்குமிடத்து மரமும் நரம்பும் தம் இயல்பை ஒளியாது காட்டும். மகள் கடையின் நடுவே நின்று மேற்கொம்பில் நாடியை ஊன்றினாள். அவள் நின்ற கோலத்தைக் கண்டதும் நான் வேறுபுறம் திரும்பி விலைச்சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நான்கு குற்றங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

செம்பகை என்பது பண்ணோடு பொருந்தாத இன்பமில் ஓசை. பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் சரிபாதியில் நிற்பது. 34 அங்குல நரம்பாயின் 17 அங்குலத்தில் அது நிற்கும். அவ்விடத்தில் நரம்பை மெல்லத் தொட்டு மீட்டினால் ஓர் ஓசை பிறக்கும். மெட்டோடு அழுத்தி மீட்டினால் ஓர் ஓசை பிறக்கும். இரண்டும் ஒன்றாதல் வேண்டும். வேறுபடின் குதிரையிலுள்ள திருகாணியால் நரம்பின் நீளத்தைச் சரிசெய்யலாம். சரிசெய்தும் ஒன்றாவிடின் வாத்தியத்தை விட்டுவிடுக. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகிலே பதிக்கப்படுவன. பிழையிருப்பின் இளக்கி மாற்றலாம். கிற்றாரின் மெட்டுகள் மரத்திலே அறையப்படுவன. அவை எளிதில் அசையா. வீணை பயின்ற செவியுடைய மகள் ஏழாம் மெட்டிலே பிறக்கும் பஞ்சமம் ஒரு மயிரிழை தாழ்ந்திருப்பதாகக் கூறினாள். அவள் கூற்று மெய். இயற்கைப் பஞ்சமம் ஆதாரத்தின் 1.5 மடங்கு, பன்னிரு சமபங்காகப் பிரித்த மெட்டிலே அது 1.498 மடங்கு. மேலைத்தேய முறை அந்தச் சிறு குறையை ஏற்றுக்கொண்ட முறை. அது அவ்வாத்தியத்தின் இயல்பு. கடைக்காரன் மேல் ஏற்றத்தக்க குற்றமன்று.

ஆர்ப்பு என்பது அளவிறந்து ஒலித்தல். நான்கு நரம்பையும் ஒரே விசையில் மீட்டினால் ஒன்று மட்டும் உரத்துக் கத்துகின்றதா என்று கேட்டல் வேண்டும். பிக்கப்பின் ஒருபுறம் நரம்புக்கு மிக அண்மையில் இருப்பின் இவ்வாறாகும். திருகாணியால் உயர்த்தித் தாழ்த்தித் திருத்தலாம். நான்கனுள் எளிதில் தீரும் குற்றம் இதுவே.

கூடம் என்பது ஓசை வெளிப்படாது தன்னிடத்தே ஒடுங்குதல். பேஸ் கிற்றாரிலே மெல்லிய நரம்பில், ஐந்தாம் மெட்டு முதல் ஏழாம் மெட்டு வரையுள்ள பகுதியில், இக்குற்றம் அடிக்கடி காணப்படும். மற்றைய இடங்களில் நெடுநேரம் நீளும் ஓசை அங்கே மட்டும் விரைவில் மாயும். தண்டியின் மரமே அந்த அதிர்வை விழுங்கிவிடுதல் இதன் காரணம். சிறிதளவு எல்லா வாத்தியத்திலும் உண்டு. மிகுந்திருப்பின் அதற்கு மருந்தில்லை.

அதிர்வு என்பது ஓசை சிதறி நடுங்குதல். மெட்டொன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பின் நரம்பு அடுத்த மெட்டிலே பட்டு வண்டுபோல இரையும். நான்கு நரம்பு, இருபது மெட்டு, எண்பது இடங்கள். எண்பதிலும் மகள் விரல் வைத்து மீட்டினாள். நான் தாளிலே குறித்துக்கொண்டேன். கடைக்காரப் பையன் எங்களுக்குத் தேநீர் வருவித்தான். எழுபத்தொன்பது இடம் தெளிவாக இருந்தன. ஓரிடத்திலே சிறு இரைச்சல். அதனைக் கடையின் தொழிலாளர் அரை மணித்தியாலத்துள் தேய்த்துச் சீராக்கித் தந்தார்.

ஐந்தா, நான்கா?

இதற்கிடையில் பையன் வேறொன்றை எடுத்து வந்தான். ஐந்து நரம்பு, உள்ளே ஒன்பது வோல்ற்று மின்கலம், நான்கைந்து திருகுகள். "இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம் ஐயா" என்றான். ஐந்தாம் நரம்பு செக்கனுக்கு 31 முறைக்குச் சற்றுக் குறைவாக அதிர்வது. உள்ளே மின்கலம் கொண்டு ஓசையைப் பண்படுத்தும் முறையும் புதிதன்று. லியோ பெண்டரே பின்னாளிலே வேறொரு நிலையத்துக்காகச் செய்த 'ஸ்ரிங்றே' என்னும் வாத்தியம் 1976இல் அவ்வாறு வந்தது. அவை வேண்டுவோர்க்கு வேண்டியவை. ஆனால் தண்டி அகலமாகும், எடை கூடும், மின்கலம் தீர்ந்தால் மேடை நடுவே வாத்தியம் ஊமையாகும். மின்சாரத்தை நம்பி ஊமையான வாத்தியமொன்றை முன்பே கண்ட குடும்பம் எங்களது. நான்கு நரம்பும் மின்கலமின்மையும் போதுமென்றேன். மகள் ஒப்பினாள்.

நீளத்திலே மட்டும் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. அவள் கை சிறிது. 30 அங்குல நரம்புடைய சிறு பேஸும் அங்கே இருந்தது. அதன் மெட்டுகள் நெருங்கியிருப்பதால் விரல்கள் எளிதில் எட்டும். நான் அதனையே விரும்பினேன். அவளோ 34 அங்குலத்தை மடியில் வைத்தபடி, "வீணையை விட இது சின்னன் அப்பா" என்றாள். அத்துடன் வழக்கு முடிந்தது. நீண்ட நரம்பின் தாழ்ந்த ஓசை மேலும் இறுக்கமும் தெளிவும் உடையதென்பதைப் பின்னர் நானும் உணர்ந்தேன்.

உடைமையானபின்

வாங்குதல் ஒருநாட் செயல். பேணுதல் நெடுநாட் செயல். பெற்றோர்க்குப் பயன்படும் என்பதனாற் சிலவற்றைக் கூறுகின்றேன்.

வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு நரம்பையும் துடைத்தல் வேண்டும். நம் ஊரின் வியர்வையும் உப்புக்காற்றும் உருக்குக்குப் பகை. புது நரம்பு பூட்டும்போது அது முறுகாதபடி பிரடையில் ஒழுங்காகச் சுற்றுக. முறுகிய நரம்பு உயிரற்ற ஓசை தரும்; உரைகாரர் கூறிய 'முறுக்கு' இதுவேயென்று கொள்ளலாம். மாரி தொடங்கும்போதும் கோடை தொடங்கும்போதும் தண்டியின் வளைவைப் பார்த்தல் நன்று. உள்ளோடும் கம்பியின் ஆணியை ஒருமுறைக்குக் காற்சுற்றுக்கு மேல் திருகாது, ஒருநாள் விட்டுப் பார்த்து மீண்டும் திருகுக. அவசரப்பட்டார் ஆணியை முறித்திருக்கின்றனர்.

வீட்டு வானொலியிலோ பாட்டுப்பெட்டியிலோ பேஸைக் கொழுவலாகாது. தாழ்ந்த ஓசை மிகுந்த காற்றை அசைக்க வேண்டுவது. அதற்கென்று செய்யப்படாத சிறு ஒலிபெருக்கி கிழிந்துபோம். பேஸுக்குரிய சிறிய ஒலிபெருக்கி ஒன்றும் காதிலே பூணும் கருவி ஒன்றும் பயிற்சிக்குப் போதும்; அயலாரும் வாழ்த்துவர். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. இவ்வாத்தியத்தின் நரம்புகள் ஒலிபெருக்கி வழியாக நிலத்தொடுப்போடு இணைக்கப்பட்டவை. வீட்டின் நிலத்தொடுப்பு பழுதாயின் விரலிலே மின் தாக்கலாம். பழைய வீடுகளிலே மின்வேலை அறிந்தவரைக் கொண்டு அதனைச் சோதிப்பித்த பின்னரே கொழுவுக.

இனி, வாசிக்கும் முறை பற்றி ஒரு சொல். மகள் முதல் மாதம் முழுவதும் வீணைப் பழக்கத்தால் நரம்பு நிறைய ஓசைகளைக் கொட்டினாள். அவளுக்குப் பயிற்றுவிக்கும் இளைஞர் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சனின் வாசிப்பைக் கேட்கச் சொன்னார். 1960களிலே அந்நகரத்து மோட்டவுன் நிலையத்திலிருந்து வெளிவந்து உலகெல்லாம் பாடப்பட்ட எண்ணிறந்த பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் அவர். வலக்கையின் ஒரு விரலாலேயே மீட்டியவர். நரம்பை மாற்ற விரும்பாதவர். அப்பாடல்களைப் பாடினோரை எல்லாரும் அறிவர். இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டொன்றில் வாத்தியக்காரரின் பெயர்கள் அச்சிடப்பட்ட போதுதான் கேட்டோர் அவர் பெயரைக் கண்டனர். 1983இல் அவர் இறந்தார்.

இதனைக் கேட்டபோது எனக்கு யாப்பு நினைவுக்கு வந்தது. வெண்பாவைச் சுவைப்பார் சொல்லையும் பொருளையும் சுவைப்பர். தளையைச் சுவைப்பார் யார்? தளை செம்மையாக உள்ளவரை அங்கே அது இருப்பதாகவே ஒருவரும் எண்ணார். ஓரிடத்திலே தட்டினாற் பாட்டு முழுவதும் சரியும். பேஸ் கிற்றார் பாட்டின் தளை. என் மாணவருக்கு இப்போது இவ்வாறே கூறுகின்றேன்; முன்னைவிட அவர்களுக்கு விரைவில் விளங்குகின்றது.

இருளில்

கார்த்திகை மாதத்து மழையிரவு ஒன்றிலே மின்சாரம் நின்றது. மகள் படிக்க முடியாமல் விறாந்தைக்கு வந்து, கிற்றாரை எடுத்து, நாடியை ஊன்றி வாசித்தாள். விரல் உரசும் ஓசை மட்டும் எனக்குக் கேட்டது. முப்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே உரசல். அவள் முடித்ததும், அதனை இங்கே தா என்றேன். மடியில் வைத்து, அவள் காட்டியபடி மேற்கொம்பில் நாடியைப் பதித்தேன். "தடிச்ச நரம்பை மெல்லத் தட்டுங்கோ அப்பா" என்றாள்.

தட்டினேன். ஓசை செவி வழியாக வரவில்லை. எலும்பு வழியாக வந்தது. கோயிற் பெருமணி ஓய்ந்தபின் தூணிலே கை வைத்தால் உணரப்படும் கார்வைபோல, தாடையில் நுழைந்து தலை முழுவதும் நிரம்பிற்று. வெளியே மழை பெய்ததும் அடங்கிப்போயிற்று. ஐந்து வருடம் அந்த இருளிலே என் தம்பி இதனைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊமை என்று நான் பெயரிட்டது இந்த ஓசைக்கு. ஓசையின் குற்றம் நான்கென்று மனனஞ் செய்த எனக்கு, கேட்பவனின் குற்றம் ஒன்று உண்டென்று எந்த உரைகாரரும் சொல்லித் தரவில்லை. அன்றி, அவர்கள் சொல்லியும் எனக்கு விளங்கவில்லை.

மின்சாரம் வந்ததும் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊமைக்கு ஏன் சங்கீதம் என்று கேட்டது நினைவிருக்கிறதா என்றேன். "எனக்கு ஞாபகமில்லை அண்ணை" என்றான். அவனுக்கு ஞாபகமுண்டு, எனக்கு அது தெரியும். உடனே பேச்சை மாற்றி, "பிள்ளை இப்ப என்ன பாட்டு வாசிக்கிறாள்?" என்று கேட்டான். அவள் தொலைபேசியை வாங்கி வாத்தியத்தின் மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் மீட்டிக் காட்டினாள். அவன் அங்கே நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், மூன்றாம் நரம்பு சிறிது ஏறியிருக்கிறது, இறக்கும்படி சொன்னான். இறக்கியபின் சரியாயிற்று.

இப்போது என் படிப்பறையில் சிந்தாமணி இருக்கும் அலுமாரிக்கு அருகே அந்தக் கிற்றார் அதன் தாங்கியில் நிற்கின்றது. நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கின்றான். புது நரம்புகள் வாங்கி வைத்திருக்கின்றோம். தான் வந்து தன் கையாற் பூட்டும்வரை அவற்றை மாற்றவேண்டாமென்று மகளிடம் கூறியிருக்கின்றான். உறை பிரிக்காமல் வைத்திருக்கின்றாள்.